பெருந்திணைக் காதலும் இளையோர் வாசிப்பும்

தமிழ் நாவலின் தோற்ற வரலாற்றிலே திருகோணமலைக்குத் தனியிடம் உண்டு. இந்நகரைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை' 1891 இல் வெளிவந்தது. ஐரோப்பிய நாடுகளிலே நெடுங்காலமாக வழங்கிய இரட்டைச் சகோதரர் கதையொன்றைத் தழுவியது அது. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1895 இல், இந்நகரத்தவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' சென்னையிலே அச்சேறியது. நாயக்கர் காலத்துத் தஞ்சையையும் திருச்சிராப்பள்ளியையும் களமாகக் கொண்டு, காதலையும் அரசியற் சூழ்ச்சியையும் ஒருங்கே பின்னிச் செல்லும் அந்நூலைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என ஆய்வாளர் குறிப்பிடுவர். அப்பெரியார் அதற்கு முன்னரே, 1892 இல், 'தத்தை விடு தூது' என்னும் செய்யுள் நூலையும் இயற்றியிருந்தார். தலைவியொருத்தி தன் காதலனிடத்துக் கிளியைத் தூதாக விடுப்பதாக அமைந்த அந்நூல், பெண்ணைக் கல்வியின்றி வீட்டினுள் அடைத்து வைக்கும் வழக்கத்தையும், அவள் உள்ளக் கருத்தைக் கேளாது மணம் முடித்து வைக்கும் வழக்கத்தையும் கண்டித்துரைப்பது.

ஆகவே காதற்கதை இத்துறைமுக நகருக்குப் புதியதன்று. தன் துணையைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்று நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரார் ஒருவர் பாடிவிட்டார். அவ்வுரிமை ஓரளவேனும் கைகூடியுள்ள இக்காலத்திலே, அதனைக் கையாளப்போகும் இளையோருக்கு இன்றைய காதற் புனைகதை எதனைக் கற்பிக்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது வகுப்பறை நிகழ்ச்சியொன்று. உயர்தர வகுப்பு மாணவிகளிடம், தாம் படித்த கதைகளுள் தம்மை மிகவும் கவர்ந்த தலைவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வருமாறு பணித்திருந்தேன். நல்ல தமிழிற் பிழையின்றி எழுதும் மாணவியொருத்தி, தன் தலைவன் பெருங்கோபக்காரன் என்றும், தலைவியை எல்லார் முன்னிலையிலும் அவமதிப்பவன் என்றும், அக்கோபமே அவன் அன்பின் ஆழத்துக்குச் சான்று என்றும் எழுதியிருந்தாள். கோபம் வராதவன் உண்மையிற் காதலிக்கவில்லை என்பது அவள் முடிபு. ஓர் எழுத்துப் பிழையும் இல்லாத அக்கட்டுரைக்கு என்ன புள்ளி இடுவது என்று தெரியாமல் நெடுநேரம் இருந்தேன்.

அம்மாணவி அக்கருத்தைத் தானே கண்டுபிடித்தவள் அல்லள். அது வந்த வழியைச் சிறிது நோக்குவோம்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இங்குள்ள கல்லூரி மாணவர் கைகளிலே டாக்டர் மு. வரதராசனின் நாவல்களும், அகிலனின் நாவல்களும், லக்ஷ்மியின் குடும்பக் கதைகளும் விளங்கின. 1960 ஆம் ஆண்டளவில் 'கல்கி' இதழிலே தொடராக வந்த நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' இளையோரைப் பெரிதும் ஆட்கொண்டது. 1970 இல் ஆட்சிக்கு வந்த அரசு இந்திய வார, மாத இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, ஈழத்து எழுத்தாளருக்கு ஒரு வாயில் திறந்தது. வீரகேசரி நிறுவனம் நம்மவரின் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டு நாடெங்கும் பரப்பியது. திருகோணமலையின் பெண் நாவலாசிரியரான ந. பாலேஸ்வரியின் 'பூஜைக்கு வந்த மலர்' அவ்வரிசையிலே வந்ததாகும். ஆசிரியையாகப் பணியாற்றிய அவ்வம்மையார் தமது பிற்கால நாவலொன்றுக்குத் 'தத்தை விடு தூது' என்றே பெயர் சூட்டியமை இவ்வூரின் இலக்கியத் தொடர்ச்சியை நினைவூட்டுவது. 1977 இன் பின் இறக்குமதித் தடைகள் தளர, தமிழ்நாட்டு மாத நாவல்கள் மீண்டும் கடைகளில் நிறைந்தன. அக்காலந்தொட்டு ஈழத்துப் பெண் வாசகரிடையே மிகப் பெரும் செல்வாக்குப் பெற்றவர் ரமணிசந்திரன். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய அவருடைய நூல்கள் வாசிகசாலைகளிலே அட்டை கிழிந்து, மீளக் கட்டப்பட்டு, மீண்டும் கிழிந்தவை. இன்றோ இளையோர் பெரும்பாலும் கைத்தொலைபேசியிலேயே கதை படிக்கின்றனர். 2014 இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட 'பிரதிலிபி' போன்ற தளங்களிலே நாள்தோறும் புதிய அத்தியாயங்கள் வந்த வண்ணம் உள்ளன. அங்கே 'ஆன்டி ஹீரோ கதை' எனத் தனி வகையே ஒன்று தோன்றி, அப்பெயராலேயே தேடிப் படிக்கப்படுகின்றது.

இவற்றை ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நீதியாகாது. ரமணிசந்திரனின் நாவல்கள் பொதுவாக ஆபாசம் கலவாதவை; பெண்ணின் தன்மானத்தைப் பேசுபவை; தாயும் மகளும் ஒரே பிரதியைப் படிக்கத் தக்கவை. தளங்களில் எழுதுவோருள்ளும் நல்ல நடையும் நல்ல நோக்கும் உடையோர் உளர். ஆயினும் இவ்வகைக் கதைகளிற் பலவற்றுக்குப் பொதுவான எலும்புக்கூடு ஒன்று உண்டு. தலைவன் பெருஞ்செல்வன், தொழில் நிறுவனம் ஒன்றின் தலைவன், அழகன், கடுஞ்சினத்தன். தலைவி ஏழை, பெரும்பாலும் தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்தவள், தன்மானம் மிக்கவள். முதற் சந்திப்பிலேயே மோதல் நிகழும். பின்னர் ஏதோ ஒரு நெருக்கடியால், ஒப்பந்தத்தாலோ பழிவாங்கும் நோக்கத்தாலோ, அவள் அவனை மணக்க நேரும். அவன் அவளை ஐயுறுவான், சொல்லாற் சுடுவான், 'ஆன்டி ஹீரோ' கதையாயின் கடத்திச் செல்வான், வலிந்து தாலி கட்டுவான், கையும் ஓங்குவான். அவள் பொறுப்பாள். இறுதி அத்தியாயத்திலே, அவன் தொடக்கம் முதலே அவளைக் காதலித்தான் என்பதும், தவறான கருத்து ஒன்றே எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்பதும் வெளிப்படும். அவன் மன்னிப்புக் கேட்பான். அவள் கண்ணீரோடு சிரிப்பாள்.

இக்கதைகளைக் குறைகூறுவோர் பலரும் இவை நடைமுறைக்கு ஒவ்வாதவை என்பர். இத்தகைய செல்வனை யார் கண்டார், இத்தகைய மாளிகை எங்கே உள்ளது என வினவுவர். அக்குற்றச்சாட்டு வலுவுடையதன்று. கற்பனை மாளிகை இல்லாத கதை உலகில் எங்கும் இல்லை. நம் மாணவியருள் எவளும் தன்னைத் தேடி ஒரு கோடீசுவரன் துறைமுக வீதியில் வந்திறங்குவான் என எதிர்பார்த்திருக்கவில்லை. செல்வம் கதை என்பதை அவள் நன்கறிவாள். தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாலே அவளுக்கு அது தெளிவாகும். ஆனால் மனித உள்ளம் எவ்வாறு இயங்கும் என்பதற்கு அவளிடம் உரைகல் இல்லை. பதினாறு வயதிலே காதலைப் பற்றி அவள் அறிந்தவை பெரும்பாலும் அவள் படித்தவையே. கொடுமை செய்பவன் உள்ளே அன்பு வைத்திருக்கிறான் என்றும், பொறுத்திருந்தால் அவன் மாறுவான் என்றும் கதை சொல்லும்போது அதனைப் பொய்யென்று காட்டத்தக்க அனுபவம் அவளுக்கு இல்லை. ஆகவே புறப்பொருளிலுள்ள பொய் தீங்கற்றது. அகப்பொருளிலுள்ள பொய்யே தீங்குடையது. இவ்விரண்டையும் வேறுபடுத்தாத கண்டனம் இளையோரிடம் எடுபடாது.

அகப்பொருள் என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே ஆண்டேன். காதல் உறவுகளை வகைப்படுத்தி ஆராய்ந்ததில் தமிழுக்கு நிகரான தொன்மை மிகச் சில மொழிகளுக்கே உண்டு. தொல்காப்பியர் காதலொழுக்கத்தை ஏழு திணையாகப் பகுத்தார். ஒத்த அன்பினர் இருவரின் ஒழுக்கமே நடுவணதாகிய ஐந்திணை. ஒருதலைக் காமம் கைக்கிளை. பொருந்தாக் காமம் பெருந்திணை. பெருந்திணைக்கு உரியனவாக அவர் கூறும் நான்கினை இன்று நோக்குவார் வியப்புறுவர்: தலைவன் மடலேறியே விடுதல், இளமை நீங்கிய பின்னும் எழும் காமம், தெளிவை இழந்து மிகும் காமம், காமத்தின் மிகுதியால் வலிந்து செய்யும் செயல் என்பன அவை.

இந்நான்கினுள் இறுதியில் உள்ளதையும் அதற்கு முன்னதையும் எடுத்துக்கொள்வோம். விரும்பாதவளைக் கடத்திச் சென்று தாலி கட்டுதல், காமமிகுதியால் வலிந்து செய்யும் செயல் அல்லாமல் வேறென்ன? காரணமின்றி ஐயுற்று, அவள் யாரோடு பேசினாலும் சினந்து, அவள் ஒவ்வோர் அடியையும் கண்காணிக்கும் தலைவனிடத்தே காணப்படுவது தெளிவிழந்த காமம் அன்றோ? தொல்காப்பியர் எல்லைக்கு வெளியே நிறுத்தியதை, இக்கதைகள் நடுவிலே கொணர்ந்து, ஐந்திணை எனப் பெயர் மாற்றி வைக்கின்றன. இளையோர் வாசிக்கும் காதற் புனைகதையின் முதன்மைக் குறை இதுவே என்பது என் கருத்து. பெருந்திணையைப் பாடலாகாது என்று இலக்கணம் தடுக்கவில்லை; அதனைப் பெருந்திணை என்றே அறிந்து பாடுக என்றது. அறியாமல் எழுதுவதும் அறியாமற் படிப்பதுமே இடர்ப்பாடு.

மடலேறுதலும் இங்கு எண்ணத்தக்கது. பனங்கருக்காற் குதிரை செய்து, அதன்மேல் ஏறி, ஊரறியத் தன்னை வருத்திக்கொள்வேன் எனத் தலைவன் கூறுதல் ஐந்திணைக்குள் அடங்கும். கூறியவாறே ஏறிவிடுதல் பெருந்திணையாகும். தன்னுடலை வருத்தி ஒருத்தியின் இசைவைப் பெற முயல்வது காதலின் எல்லையைக் கடந்தது எனப் பழந்தமிழர் கோடு கிழித்தனர். கையை அலகினாற் கீறிப் பெயரெழுதும் இளைஞனையும், நீ மறுத்தால் உயிரை விடுவேன் எனச் செய்தி அனுப்பும் இளைஞனையும் அறியாத ஆசிரியர் இன்று இல்லை. அச்செய்தியைப் பெறும் பெண்பிள்ளை அதனைக் காதலின் உச்சம் என்று கொள்வாளாயின், அவளுக்குக் கூற நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டு மரபு ஒன்று உண்டு.

இனி, கதையமைப்பிலே உள்ள இரண்டு இன்மைகளைக் கூறுவேன். முதலாவது, தோழி இல்லை. அகத்திணையிலே தலைவியினும் மிகுதியாகப் பேசுபவள் தோழி. அவள் தலைவனைச் சோதிப்பாள், சேட்படுத்துவாள், இரவுக்குறியின் ஏதங்களை எடுத்துரைப்பாள், வரைவு கடாவுவாள். காதலிலே மயங்கிய ஒருத்திக்கு மயங்காத ஒருத்தியின் அறிவைத் துணையாக வைத்தது அவ்விலக்கியம். இன்றைய காதற்கதைத் தலைவி பெரும்பாலும் தனியள். தாயில்லை, உண்மைத் தோழியில்லை, தோழியென வருபவளும் வேலைக்காரியோ பொறாமைக்காரியோ ஆவாள். கேட்டறிய ஒருவரும் இல்லாதவளாக அவளைப் படைத்தால்தான் கதை நகரும். ஒரு நல்ல தோழி மூன்றாம் அத்தியாயத்தில் வந்து, இவன் உனக்கு ஏற்றவனல்லன், வா போவோம், என்று கைப்பிடித்து அழைத்தால் நாவல் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, வாயில் மறுத்தல் இல்லை. மருதத்திணையிலே பரத்தையிடம் சென்று திரும்பும் தலைவனுக்குத் தலைவி கதவைத் திறப்பதில்லை. அவன் பாணனை விடுவான். விருந்தினரை முன்னிட்டு வருவான். புதல்வனை எடுத்துக்கொண்டு நிற்பான். அவளோ ஊடுவாள், அவன் செய்தது இன்னதென்று எடுத்துக் கூறுவாள். ஈற்றில் வாயில் நேர்தலும் உண்டு. ஆயினும் அது அவன் பிழை பேசப்பட்ட பின்னரே நிகழ்வது. இக்கதைகளிலோ தலைவியின் பொறுமையே அவள் பெருமை. அவன் செய்த கொடுமைக்கு, அவனது பழைய மனப்புண் ஒன்றைக் காரணமாகக் காட்டி, ஆசிரியரே கதவைத் திறந்துவிடுகின்றார்.

இவ்வாறு கூறுவதனால் பண்டை மரபு முழுவதும் இன்றைக்கு ஏற்றது என்று கொள்ளலாகாது. மெய்ப்பாட்டியலிலே தலைமக்களுக்கு உரிய பத்து ஒப்புக்களை எண்ணும்போது, அருளையும் உணர்வையும் கூறிய அதே நூல் பிறப்பையும் குடிமையையும் முதலில் வைத்தது. தலைவன் தலைவியினும் உயர்ந்தவனாயிருத்தல் தவறன்று என இசைந்தது; தலைவி உயர்ந்தவளாயிருத்தலைக் கூறவில்லை. செல்வத் தலைவனும் ஏழைத் தலைவியும் என்ற அமைப்பின் ஒரு வேர் அங்கேயே உள்ளது என்பதையும் மறைத்தல் ஆகாது. சாதியின் பெயரால் இளையோரைப் பிரிப்பதற்கு அப்பத்து ஒப்புக்களை மேற்கோளாகக் காட்டுவாரை நாம் ஏற்கவும் மாட்டோம். மரபிலிருந்து நாம் பெறவேண்டியது அதன் பாகுபாட்டுத் திறனையே.

தொல்காப்பியர் காட்டும் இன்னொரு நெறியும் உண்டு. அகப்பாடல் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து அமைவது என்பர். தலைவனும் தலைவியும் பெயரற்ற கற்பனை மாந்தர். எனினும் அவர்கள் நிற்கும் நிலம் மெய்யான நிலம். நெய்தல் நிலத் தலைவி மீன் உணக்கலைப் புள்ளினம் கவராமற் காத்து நிற்பாள். அவள் தந்தை கடல்மேற் சென்றிருப்பான். ஊரார் அலர் தூற்றுவர். காதலுக்குத் தடையாக வருபவை யாவும் அவ்வுலகியலிலிருந்து பிறப்பவை. இன்றைய காதற்கதையிலே நாடக வழக்கு மட்டும் எஞ்சி உலகியல் வழக்கு உதிர்ந்துவிட்டது. இரு காதலரைப் பிரிக்க அங்கே ஒரு தவறான கருத்துப் போதும். அது நீங்கினால் எல்லாம் நீங்கும்.

இதற்கு மாறாக நம் கொட்டியாரக் குடாவின் அக்கரையிலிருந்து ஒரு சான்று தரலாம். மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் (1925–2001) எழுதிய 'தோணி' என்னும் சிறுகதை ஈழத்தின் சிறந்த கதைகளுள் ஒன்றாக மதிக்கப்படுவது. மீனவ இளைஞன் ஒருவனுக்குச் சொந்தத் தோணி இல்லை. அவன் உள்ளத்தில் இடம்பெற்ற பெண்ணைத் தோணி உடையவன் ஒருவன் மணக்கின்றான். கதை அவ்வளவே. அங்கே கொடியவன் ஒருவனும் இல்லை. தவறான கருத்தும் இல்லை. இருப்பது ஒரு தோணியின் இன்மை. கடலிற் பிழைப்போர் ஊரிலே தோணி என்பது யாது என்பதை அறிந்தவருக்கு, அக்காதல் ஏன் கைகூடவில்லை என்பதை வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. அதைப் படித்து முடித்த மாணவன் காதலைப் பற்றி மட்டுமன்றித் தன் ஊரைப் பற்றியும் சிந்திப்பான்.

அத்தகைய உலகியல் இன்றும் இங்கு நிறைந்துள்ளது. கிழக்கிலங்கைத் தமிழரிடையே மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்தலே பெருவழக்கு. வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுகின்றது. ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதற்காகவே தகப்பன் பல ஆண்டு கடலுக்குப் போகின்றான். தாய் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகின்றாள். அவ்வீடு முடியும்வரை மூத்தவளுக்குப் பேச்சில்லை. மூத்தவளுக்கு முடியும்வரை இளையவளுக்குப் பேச்சில்லை. தமிழ்நாட்டு நாவலிலோ மாளிகை தலைவனுடையது; தலைவி ஒரு பெட்டியோடு அங்கே செல்வாள். வீடே பெண்ணுடையதாக உள்ள நம் பகுதியிலே ஒரு பெண், தனக்கு நிழலே இல்லை என்று எண்ணிக் கொடுமையைப் பொறுக்கக் கற்றுக்கொள்வாளாயின், அக்கல்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று வினவுதல் தகும். போர் தந்த பிரிவு, காணாமற்போனோருக்காகக் காத்திருத்தல், புலம்பெயர்ந்த மணமகனுக்குத் தொலைபேசியிலே பெண் பேசுதல், இன, மத வேறுபாடு கடந்து ஒரே நகரில் வாழ்வோரிடையே எழும் காதலும் அச்சமும் என, எழுதப்படாத நாவல்கள் எத்தனையோ இங்குள்ளன.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2005 இல் அமெரிக்காவில் வெளிவந்து உலகெங்கும் இளையோர் படித்த 'ட்வைலைட்' நாவலிலே, தலைவி அறியாதவாறு அவள் அறையினுட் புகுந்து அவள் உறங்குவதை இரவிரவாகப் பார்த்திருக்கும் செயல் காதலாகவே காட்டப்படுகின்றது. காதற்கதை வாசிப்பின் விளைவைப் பற்றிய கவலையும் புதியதன்று. 1857 இல் நூலாக வந்த ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி', கதைகளிற் படித்த காதலை வாழ்விலே தேடி அழிந்த பெண்ணொருத்தியின் வரலாறு.

இங்கே இரண்டு மறுப்புக்கள் எழும். முதலாவது, கதை படிப்பதால் எவரும் மாறுவதில்லை என்பது. 'குறிஞ்சி மலர்' வெளிவந்த காலத்திலே அரவிந்தன் என்றும் பூரணி என்றும் தம் குழந்தைகளுக்குப் பெயரிட்டோர் பலர். அந்நாவலின் மாந்தரும் நடைமுறைக்கு அப்பாற்பட்டவரே. நாம் அன்றாடம் காணும் மனிதரினும் தூயர். ஆனால் அங்கே மிகைப்படுத்தப்பட்டது தொண்டும் தன்னலமறுப்பும். இலட்சியத்தை மிகைப்படுத்தும் கதை வாசகனை நாணச் செய்யும். கொடுமையை அன்பெனக் காட்டும் கதை அவனை மயங்கச் செய்யும். பெயரிடும் அளவுக்குக் கதை மனத்திற் பதியுமாயின், பிறவும் பதியும் என்பதை மறுத்தல் எளிதன்று.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது. பெண்கள் இக்கதைகளை ஏன் படிக்கின்றனர் என்று அவர்களிடமே கேட்டறிந்தோர் உளரா என்பது அது. அமெரிக்க ஆய்வாளரான ஜானிஸ் ராட்வே, பெண் வாசகர் குழுவொன்றோடு நெடிது உரையாடி, 1984 இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கிடையே தமக்கென ஒரு பொழுதை ஒதுக்கிக்கொள்ளும் செயலாகவே அவர்கள் வாசிப்பைக் கருதினர் என்று அவர் கண்டார். அதனோடு, தலைவனின் கடுமையைப் பின்னோக்கி அன்பின் மறைவடிவமாகப் பொருள்கொள்ளுமாறு அக்கதைகள் வாசகரைப் பழக்குகின்றன என்பதையும் அவரே எடுத்துக் காட்டினார். இவ்விரு கூற்றும் ஒருங்கே உண்மை என்பதற்கு யானே சான்று. தொண்ணூறுகளிலே, மின்சாரமற்ற போர்க்கால இரவுகளில், குப்பி விளக்கின் அருகே என் தமக்கையார் படித்துத் தந்த நாவல்களை யானும் படித்தேன். வெளியே சோதனைச் சாவடியும் ஊரடங்கும் இருந்தன. உள்ளே எல்லாத் துன்பமும் இருநூறாம் பக்கத்தில் முடிந்துவிடும் உலகொன்று இருந்தது. அவ்வுலகத்துக்கு யான் நன்றியுடையேன். ஆகவே அதனைப் படிக்கும் பிள்ளையை ஏளனம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

ஆயினும் ஒன்றைக் கூறாதிருத்தல் இயலவில்லை. பாடசாலையை விட்டுச் சென்று இளமையிலேயே மணமுடித்த பழைய மாணவியொருத்தி, சில ஆண்டுகளின் பின் நற்சான்றிதழ் ஒன்று பெறுவதற்காக என்னிடம் வந்தாள். அவள் கன்னத்திலே காயம் ஆறிய வடு இருந்தது. யான் வினவியபோது, "கோபம் அடங்கினால் தங்கமான மனிசன், ரீச்சர்" என்றாள். அவள் நிலைக்கு நாவலே காரணம் என்று கூறமாட்டேன். வறுமையும் குடியும் உறவினரின் மௌனமும் அதனிற் பெரிய காரணங்கள். ஆனால் தன் நிலையைத் தனக்கே விளக்கிக்கொள்ள அவளிடம் இருந்த சொற்கள் எவை என்பதை எண்ணினேன். அவை எனக்கு மிகவும் பழகிய சொற்களாக இருந்தன; பல நாவல்களின் இறுதி அத்தியாயத்திலே யான் படித்தவை.

ஆண் பிள்ளைகளை இதுவரை குறிப்பிடாமைக்குக் காரணம், அவர்கள் நாவல் படிப்பது அருகிவிட்டது என்பதே. எனினும் மறுக்கும் பெண்ணைப் பின்தொடர்ந்து, தொல்லைப்படுத்தி, ஈற்றில் அவள் மனத்தை வெல்லும் தலைவனை அவர்கள் திரைப்படத்திலே காண்கின்றனர். பொறுப்பதே காதல் என்று ஒரு பாலார்க்கும், விடாது துரத்துவதே காதல் என்று மறு பாலார்க்கும் கற்பித்தால், இருவரும் சந்திக்கும் இடத்திலே என்ன விளையும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நிலையில் ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கது யாது? நூலைப் பறித்தல் பயன் தராது. பறித்த நூல் மறுநாள் கைத்தொலைபேசியில் இருக்கும். விடையை நம் பாடத்திட்டமே தந்துள்ளது. குறுந்தொகையும் நற்றிணையும் வகுப்பில் வரும்போது, திணை, துறை, கூற்று என மனனம் செய்வித்துப் புள்ளி பெறுவிப்பதோடு நாம் நின்றுவிடுகின்றோம். திணைப் பாகுபாடு என்பது உறவுகளை மதிப்பிடும் கருவி என்று நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. மாணவர் தாம் விரும்பிப் படிக்கும் கதையையே வகுப்புக்குக் கொணரட்டும். இத்தலைவனின் ஒழுக்கம் எத்திணைக்கு உரியது? இங்கே தோழி இருந்தால் என்ன கூறியிருப்பாள்? எந்த அத்தியாயத்திலே தலைவி வாயில் மறுத்திருக்க வேண்டும்? இவர்களைப் பிரிப்பது உலகியலா, ஆசிரியர் இட்ட முடிச்சா? இவ்வினாக்களை எழுப்பிப் பார்த்தால் போதும். எஞ்சியதை அவர்களே கண்டுகொள்வர்.

யான் இதனைச் சிறிதளவு செய்து பார்த்தேன். முன்னர்க் குறிப்பிட்ட கட்டுரையை எழுதிய மாணவியிடம், அவள் போற்றிய தலைவனுக்குத் தோழி கூற்றாக ஒரு பக்கம் எழுதி வருமாறு கேட்டுக்கொண்டேன். இருநாள் கழித்து மூன்று பக்கம் எழுதி வந்தாள். அத்தோழி தலைவனை வாயிலிலே நிறுத்தி, அவன் கூறிய ஒவ்வொரு கடுஞ்சொல்லையும் அத்தியாய எண்ணோடு எடுத்துக்காட்டி, விடை கேட்டிருந்தாள். அக்கதையை அவள் இன்னும் விரும்புகிறாளா என்று யான் வினவவில்லை. விரும்பினாலும் குற்றமில்லை. புள்ளி இடுவதில் இம்முறை எனக்கு எவ்விதத் தயக்கமும் இருக்கவில்லை.

தத்தையைத் தூது விடுத்த தலைவியைப் பாடிய ஊர் இது. தன் துணையைத் தெரிந்துகொள்ள உரிமை வேண்டும் என்று அன்று கேட்டோம். தெரிந்துகொள்ளும் அறிவையும் அவ்வுரிமையோடு சேர்த்து அளிப்பது, இக்கல்லூரியிலும் ஏனைய கல்லூரிகளிலும் தமிழ் கற்பிப்போர் கடனாகும்.